பண்ணைக்கு ஒரு படம்

தாம்பரம் வட்டாரத்தில் கீரைப் பாத்தியோடு ஒன்றிரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், செலவு எங்கே கூடுகிறது என்பதை ஒரு தாளில் படம் வரைந்தே கண்டுகொள்ளலாம். தாய்லாந்தில் சியாங்மாய் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் கார்டன் கான்வே குழுவினர் வளர்த்த முறையை ஒட்டியது இது.

விதைப்பு, பாசனம், மாடு, அறுவடை, விற்பனை ஆகிய வேலைகளைத் தனித்தனி வட்டங்களாகப் போட வேண்டும். விதை, எரு, தண்ணீர், கூலியாள், பணம் ஆகியவை வரும் இடத்திலிருந்து சேரும் வட்டத்துக்குக் கோடு இழுக்க வேண்டும். மழை நிலவரம், சந்தை விலை போன்ற தகவல்களுக்குப் புள்ளிக்கோடு போதும்.

கோடு விட்டுப்போன இடம்தான் நஷ்டம் வரும் இடம். உரக்கடையிலிருந்து பாத்திக்குக் கோடு இருந்து, மாட்டுக் கொட்டகையிலிருந்து இல்லையென்றால், சாணம் வீணாகிறது என்று பொருள். விலைத் தகவல் விற்பனைக்கு மட்டும் வந்து விதைப்புக்குப் போகாவிட்டால், கீரை ஒரே நாளில் குவிந்து விலை படுத்துவிடும். முளைக்கீரை சுமார் 25 நாளில் பறிப்புக்கு வரும். எனவே நிலத்தை 4 பாத்தியாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாத்தி விதைத்தால் வாராவாரம் பறிக்கலாம்.

வரைந்த படத்துடன் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால், குறையைச் சொல்லி யோசனை கேட்பது எளிதாகும். பருவத்துக்கு ஒருமுறை படத்தைத் திருத்துவது அவசியம்.