வெக்கை நோய்க்கு வழி கண்ட வால்ட்டர் பிளௌரைட்

மாடுகளுக்கு வரும் வெக்கை நோயை நம் கிராமத்து முதியோர் பலர் இன்னும் மறந்திலர். காய்ச்சல் கண்டு, வாயில் புண் தோன்றி, கழிச்சல் மிகுந்து, பத்து நாட்களுக்குள் தொழுவமே காலியாகிவிடும். இன்றைய இளைஞருக்கோ வெக்கை என்றால் கோடைப் புழுக்கமே நினைவுக்கு வரும். அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென 2011ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அறிவித்தது. பெரியம்மைக்கு அடுத்து மனித முயற்சியால் ஒழிந்த நோய் இதுவே. இவ்வெற்றிக்குப் பெரிதும் காரணமானவர் வால்ட்டர் பிளௌரைட் என்னும் கால்நடை விஞ்ஞானி.

இவர் 1923இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள ஹோல்பீச்சில் பிறந்தார். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவக் கால்நடைப் பிரிவில் பணியாற்றியபின், கென்யா நாட்டு முகுகா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1890களில் வெக்கை நோயால் மந்தை மந்தையாக மாடுகளை இழந்து, பஞ்சத்திலும் வீழ்ந்த கண்டம் ஆப்பிரிக்கா.

தடுப்பு மருந்து அதற்கு முன்பும் இல்லாமல் இல்லை. நம் நாட்டின் முக்தேசர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பார் 1920களில் இந்நோய்க் கிருமியை ஆடுகளில் வளர்த்து வலுக்குறைத்தார். 1954இல் நம் நாடு தொடங்கிய ஒழிப்புத் திட்டத்திற்கு அம்மருந்தே கைகொடுத்தது. எனினும் எதிர்ப்பாற்றல் குறைந்த இனங்களில் அதுவே கடும் நோயை உண்டாக்குவதுண்டு. ஊசி போட்ட மறுநாள் பால் சற்றுக் குறைந்தாலே அடுத்த முறை மாட்டை ஓட்டி வர மறுக்கும் மக்களிடையே பணி செய்யும் நமக்கு, இக்குறை எத்துணைப் பெரிதென்று சொல்ல வேண்டுவதில்லை.

பிளௌரைட் மேற்கொண்ட வழி வேறு. கன்றின் சிறுநீரகத் திசுவைத் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்து, கண்ணாடிக் கலங்களில் ஊட்டநீர் இட்டு வளர்த்தார். அவற்றில் கிருமியைப் பெருகச் செய்து, அங்கிருந்து எடுத்து அடுத்த கலத்திற்கு மாற்றினார். இவ்வாறு ஏறத்தாழ தொண்ணூறு முறை மாற்றினார். வளர வளர, நோய் உண்டாக்கும் வலிமை கிருமியிடம் அற்றது. நோயைத் தடுக்கும் ஆற்றல் மட்டும் அப்படியே நின்றது. அவசரப்பட்டு இடையில் நிறுத்தாமல், மாடுகளுக்குச் செலுத்திச் செலுத்திப் பார்த்து உறுதி செய்தார். தம்முடன் உழைத்த ஃபெர்ரிஸ் என்பாருடன் 1962இல் இதனை வெளியிட்டார். எல்லா இன மாடுகளுக்கும் தீங்கற்ற, குறைந்த செலவில் ஆகும் மருந்து அது. ஒரே ஊசியில் ஆயுட்காலப் பாதுகாப்பு.

மருந்து கிடைத்தவுடன் நோய் ஒழிந்துவிடவில்லை. 1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்க நாடுகள் பல சேர்ந்து ஊசி போட்டன. நோய் மிகவும் குறைந்தது. உடனே கண்காணிப்பும் தளர்ந்தது. எட்டாத மூலைகளில் பதுங்கியிருந்த நோய் 1980களில் மீண்டும் பரவியது. பனிக்கட்டியின்றி மருந்தைக் கொண்டு செல்ல இயலாமையும் ஒரு தடை. வெப்பம் தாங்கும் வகையை ஜெஃப்ரி மரினர் பின்னர் உருவாக்க, மேய்ப்பர்களே பயிற்சி பெற்று வண்டி செல்லாத இடங்களுக்கும் நடந்து சென்று ஊசி போட்டனர். நம் நாட்டில் 1995இலும், உலகில் 2001இல் கென்யாவின் காட்டெருமையிடத்தும் இந்நோய் இறுதியாகக் காணப்பட்டது.

பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கக் காய்ச்சலை ஒருவகை உண்ணி சுமப்பதையும் இவர் ஆராய்ந்து கண்டார். 1971இல் தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியரானார். 1999இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2010 பிப்ரவரியில் மறைந்தமையால், மறு ஆண்டு வந்த அறிவிப்பைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

வெக்கைக் கிருமிக்கு நெருங்கிய உறவுடையது ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி. அதனை 2030க்குள் ஒழிக்க உலக நாடுகள் குறி வைத்துள்ளன. அதன் தடுப்பு மருந்தும் இவ்வாறே உயிரணுக்களில் வளர்த்து வலுக்குறைக்கப்பட்டதே. முகாம் நாளன்று மேய்ச்சலுக்குப் போய்விடும் ஆடுகளையும், ஊர்விட்டு ஊர் செல்லும் கிடைகளையும் எவ்வாறு சேர்ப்பது என்பதை ஒவ்வோர் ஊராட்சியும் முன்கூட்டியே கால்நடை மருத்துவருடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும்.