இடதுகைப் பழக்கமுடையோர் காற்றுத் துப்பாக்கியைத் தெரிந்தெடுக்கும் முறை

வலது கைக்கென்று கருக்கு வெட்டிய அரிவாள் இடது கைக்கு இசைவதில்லை. அறுப்பவர் அரிவாளின் மீது பழி கூறுவர். பார்ப்பவரோ அறுப்பவரின் கையைப் பழிப்பர். காற்றுத் துப்பாக்கியின் விஷயமும் இத்தன்மையதே. கடைகளில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை வலது தோளிற் சார்த்திச் சுடுவோரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் இடதுகைப் பழக்கமுடையவர். இவர்கள் இன்னது தமக்குப் பொருந்தும் என்றறியாது வாங்குவதால் பணம் வீணாவது சிறு நஷ்டமே. பொருந்தாத ஆயுதத்தினின்று புறப்படும் ரவை களத்தில் விளையாடும் பிள்ளையின் கண்ணிற் பட்டால், அந்த நஷ்டத்தை எவராலும் ஈடு செய்ய இயலாது.

முதலிற் சோதிக்க வேண்டியது கண்

கை எதுவாயினும் குறி பார்ப்பது கண்ணேயாகும். இரு கண்களுள் ஒன்று மற்றதினும் முந்தி நின்று குறியைப் பிடிக்கும். அதனைத் தலைமைக் கண் எனலாம். இடதுகைப் பழக்கமுடையோர் யாவருக்கும் இடது கண்ணே தலைமை என்று எண்ணுதல் தவறு.

இதனை அறியும் வழி எளிது. இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே ரூபாய் நாணயம் அளவான ஒரு துவாரம் அமைத்து, இரு கண்களையும் திறந்தபடியே அத்துவாரத்தின் வழியாகத் தொலைவிலுள்ள பனைமரம் ஒன்றைப் பார்க்க வேண்டும். பின்பு ஒரு கண்ணை மூட வேண்டும். மரம் துவாரத்திலேயே நின்றால் திறந்திருக்கும் கண் தலைமைக் கண். மரம் மறைந்தால் மூடிய கண்ணே தலைமைக் கண். இருமுறை மும்முறை செய்து நிச்சயித்துக் கொள்வது நலம்.

இடது கண் தலைமையுடைய ஒருவர் வலது தோளிற் சார்த்தி, இரு கண்களையும் திறந்து, பின் குறியைக் கவனியாமல் முன் குறியை மட்டும் நோக்கிச் சுடுவதாகக் கொள்வோம். இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம் சுமார் 6 சென்டிமீட்டர். முன் குறி கண்ணிலிருந்து சுமார் 1 மீட்டர் தூரத்தில் உள்ளது. 10 மீட்டரில் வைத்த இலக்கில், ரவை அரை மீட்டருக்கு மேல் இடப்புறம் விலகிப் பாயும். கைப் பழக்கமின்மை என்று கருதி இவர் மேலும் மேலும் ரவையைச் செலவழிப்பார். குற்றமோ தோளை மாற்றாததில் உள்ளது.

இடது கையும் இடது கண்ணும் ஒத்திருப்பவர் இடது தோளிலேயே சுட வேண்டும். இடது கையும் வலது கண்ணும் உடையவர் புதிதாகப் பழகுபவராயின் வலது தோளிற் பழகுதலே எளிது. விசையை அழுத்த வலது ஆள்காட்டி விரல் சில நாட்களில் பழகிவிடும். இத்தகையோர் சாதாரணத் துப்பாக்கியையே வாங்கலாம். ஏற்கெனவே இடது தோளிற் பழகிவிட்டவராயின் குறி பார்க்கும்போது வலது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

அடிக்கட்டை

இடது தோளிற் சுடுபவரின் இடது கன்னம் அடிக்கட்டையின் வலப்புறத்தில் பதியும். வலதுகைக்காரருக்கெனச் செய்த கட்டையில் கன்னத்தைத் தாங்கும் மேடு இடப்புறத்தில் மட்டும் இருக்கும். ஆகவே அது இவருக்குப் பயன்படாது. இருபுறமும் ஒன்றுபோல் அமைந்த கட்டையே இவருக்கு ஏற்றது. இடது கைக்கென்றே செய்த கட்டைகளும் உண்டு. ஆயினும் அவை முக்கியமாகப் பந்தயத் துப்பாக்கிகளுக்கே கிடைப்பன, விலையும் அதிகம். சாதாரண உபயோகத்திற்கு அவ்வளவு செலவு அவசியமன்று.

கட்டையின் நீளமும் பார்க்கத்தக்கது. இடது முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அம்மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் முதற்கணு விசையை எட்ட வேண்டும். எட்டாவிடில் கட்டை நீளமானது என்றறிக.

காற்றை அடைக்கும் முறை

குழலை மடக்கி வில்லைச் சுருக்கும் வகை இடதுகைக்காரருக்கு மிகவும் ஏற்றது. மடக்குதல், ரவையிடுதல் ஆகிய இரண்டையும் எந்தக் கையாலும் செய்யலாம். குழலின் கீழே நெம்புகோல் உள்ள வகையும் அவ்வாறே. வலப்பக்கத்தில் நெம்புகோலோ தாழோ உடைய வகையில், இடது தோளிற் சுடுபவர் ஒவ்வொரு முறையும் பிடியை விட்டுக் கையைக் குறுக்கே நீட்ட நேரும். அப்போது குழலின் வாய் அருகில் நிற்பவரை நோக்கித் திரும்புதல் கூடும். காற்றைக் கலத்தில் முன்னரே அடைத்துக்கொள்ளும் விலையுயர்ந்த துப்பாக்கிகளில் பல இவ்வகையின. இவற்றை வாங்குவோர் தாழ் இடப்பக்கத்திற்கு மாற்றத்தக்கதா என்று கேட்டறிதல் வேண்டும்.

விசையைத் தடுக்கும் காப்புத் தாழும் இடது கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். கட்டையின் மேல்நடுவிலோ விசைக்கு முன்னோ அமைந்த தாழ் இரு கைக்கும் பொது. குழலை மடக்கி ரவையிடும்போது, ஒரு கை குழலை இறுகப் பற்றியிருக்க மறு கையால் ரவையிட வேண்டும். பற்றுவிட்ட குழல் திடீரென மீளுமாயின் விரல் நசுங்கும்.

சக்தியும் சட்டமும்

2016 ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு அல்லது சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். அரைக் கிராம் ரவை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்திற் புறப்பட்டால் 10 ஜூல் சக்தி உண்டாகும். வேகம் 283 மீட்டரானால் 20 ஜூல் ஆகிவிடும். ஆகவே வேகத்தைப் பெரிதாகக் கூறும் விளம்பரத்தைக் கண்டு மயங்காமல், சக்தியின் அளவை எழுத்து மூலம் பெற்று, இரசீதைப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

பயிருக்குச் சேதம் விளைக்கும் பிராணிகளைச் சுடலாம் என்றெண்ணி இதனை வாங்குதல் ஆபத்தில் முடியும். 1972 ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அதனைக் கொல்லுதல் மட்டுமன்றிக் காயப்படுத்துதலும் குற்றம். தண்டனை 3 வருஷத்திற்குக் குறையாத சிறைவாசம். சேதம் நேரின் வன இலாகாவுக்கு எழுதித் தெரிவித்தலே முறை. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது பெரிய உபகாரமாகும்.

சுடுமிடம்

இலக்கின் பின்னால் மணல் நிரப்பிய பெட்டியோ உயர்ந்த மண்மேடோ இருக்க வேண்டும். கருங்கல்லிலும் இரும்பிலும் பட்ட ரவை திரும்பித் தெறிக்கும். தடையின்றிச் சென்ற ரவை 300 மீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். ரவை ஈயமாதலால் அதனைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உணவு கொள்ள வேண்டும்.

இடது கையால் எடுக்கும் பிள்ளையை நொட்டாங்கை என்று பரிகசித்து வலது தோளுக்கு மாற்றும்படி வற்புறுத்துதல் ஆகாது. கண்ணைச் சோதித்துத் தோளை நிச்சயித்து, தோளுக்கேற்ற கட்டையையும் தாழையும் பார்த்து வாங்குக. விலையைக் கேட்பது அதற்குப் பின்னரே.