சுண்ணாம்புக்கல்லில் விரிசலும் அடைப்பும்

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது பாறையின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் ஊறி நிற்பதாகும். தென்மேற்கு ஈரானிலுள்ள மஸ்ஜித் சுலைமானில் 1908ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் சுமார் 360 மீட்டர் ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டது. எண்ணெய் தந்த பாறை அஸ்மரி எனப்படும் சுண்ணாம்புக்கல். அதன் துளைகள் பல இடங்களில் மிக நுண்ணியவை. அவற்றை மட்டும் நம்பியிருந்தால் அக்கிணறுகள் பெயர் பெற்றிரா. பெயர் வாங்கித் தந்தவை விரிசல்களே.

அரேபிய நிலத்தட்டு ஈரானை நோக்கி நெருக்கியதால், கிடையாகப் படிந்திருந்த பாறை அடுக்குகள் மடிந்து ஸாக்ரோஸ் மலைத்தொடராயின. சுண்ணாம்புக்கல் துணியைப்போல் மடிவதில்லை. வளைவின் வெளிப்புறம் இழுபட்டு வெடிக்கிறது. மெல்லிய அடுக்கில் வெடிப்புகள் நெருக்கமாகவும், தடித்த அடுக்கில் தள்ளித் தள்ளியும் அமைகின்றன.

திறந்த வழி திறந்தே இருக்குமா? இதுவே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. கரியமில வாயு கலந்த நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் செல்லும். வாயு பிரிந்ததும் கரைந்தது மீண்டும் படியும். கடின நீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்மையாகப் பொருக்குக் கட்டுவதை நம் இல்லங்களிலேயே காணலாம். பாறையிலும் அவ்வாறே கால்சைட் படிகங்கள் விரிசலின் சுவர்களிலிருந்து வளர்கின்றன. அஸ்மரிக்கு மேலுள்ள அடுக்குகளில் உப்பும், ஜிப்சத்தின் இனமான அன்ஹைட்ரைட்டும் மிகுதி. ஆதலின் அன்ஹைட்ரைட்டும் அங்கே அடைப்பாகப் படிந்துள்ளது. மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் முற்றும் மூடிவிடும். அகன்றவை ஓரளவே மூடும்.

அடைப்பு எல்லாம் கேடென்று கொள்ளலாகாது. அகன்ற விரிசலில் படிகம் பாலம்போல் இரு சுவரையும் தாங்கினால், எண்ணெய் எடுத்து அழுத்தம் குறைந்த பின்னும் வழி நெரிந்து மூடாது. கிணறு வெட்டுவோர் மண் சரியாமல் முட்டுக் கொடுப்பதை இது ஒக்கும்.

ஆகவே ஒரே மடிப்பில் அருகருகே தோண்டிய இரு கிணறுகளில் ஒன்று பெருகவும் மற்றொன்று கசியவும் காண்கிறோம். கிணற்றுக் கடன் கோரும் நம் அங்கத்தினர், அடுத்த வயலில் நீர் உண்டென்பதையே ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். பாறை நிலத்தில் அச்சாட்சி போதாது. விரிசல் எத்திசையில் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் நிபுணர் பாறைத் துண்டைக் கண்ணாடிபோல் மெல்லியதாகத் தேய்த்து உருப்பெருக்கியில் ஆராய்கின்றனர். ஒரு விரிசல் பழைய படிகத்தை ஊடறுத்துச் சென்றால் அது பிந்தியது எனத் துணிகின்றனர். செங்குத்தான விரிசல்களுக்கு நடுவே நேர்க்கிணறு இறங்கி அவற்றைத் தவறவிடக்கூடுமாதலால், துளையைக் கிடையாகத் திருப்பிச் செலுத்தி அவற்றை வெட்டிச் செல்லும் முறையும் இன்று கையாளப்படுகிறது.