திருச்சியில் அமெரிக்க யதார்த்தவாதம் படிப்பவர்களுக்கு

செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, ஹோலி கிராஸ் எல்லாமே தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்த கையோடு உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து, 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து முதல் உலகப் போர் வரை வந்த அமெரிக்க நூல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யதார்த்தவாதமும் இயல்புவாதமும் பெரும்பாலும் அந்த அரை நூற்றாண்டுக்குள்தான் இருக்கின்றன.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பலரும் கைடில் இருப்பதை ஒப்பிக்கிறார்கள். அது நேர்முகத்தில் நிற்காது. யதார்த்தவாதத்துக்கு ஒன்று, இயல்புவாதத்துக்கு ஒன்று என இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படியுங்கள். ஹவெல்ஸின் ‘தி ரைஸ் ஆஃப் சைலஸ் லாஃபம்’ (1885) நாயகன் பெயின்ட் தொழிலில் பணக்காரன் ஆனவன். தொழில் நொடிக்கும்போது, பிறரை ஏமாற்றித் தப்பிக்க வழி இருந்தும் மறுத்துவிடுகிறான். டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’யில் (1900) ஹர்ஸ்ட்வுட் முதலாளியின் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்ப வைப்பதா வேண்டாமா என்று தவிக்கிறான். அதற்குள் பெட்டகம் பூட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அவனுக்குச் சரிவுதான், தற்கொலை வரைக்கும். லாஃபம் தானே முடிவெடுக்கிறான்; ஹர்ஸ்ட்வுட்டின் முடிவை ஆசையும் சூழலும் தற்செயலும் சேர்ந்து எடுத்துவிடுகின்றன. இந்த இரு காட்சிகளையும் சொந்த வார்த்தையில் எழுதத் தெரிந்தவருக்கு எந்தக் கைடும் வேண்டாம்.

காசு செலவில்லை. இரண்டு நாவலும் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் இரண்டு தாளும் சேர்த்து 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. நூலையும் ஆசிரியரையும் பொருத்துவது, நூல்களை வெளிவந்த வரிசையில் அடுக்குவது போன்ற கேள்விகள் வரும் என்பதால் ஆண்டு அட்டவணையை நீங்களே கையால் எழுதுங்கள். பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு பி.எட். வேண்டும். கல்லூரி வேலையை மட்டுமே நம்பி இருக்காமல், வாரம் ஒரு பக்கமாவது தமிழாக்கம் செய்து பழகுங்கள். பதிப்பகத்திலோ பத்திரிகையிலோ காட்ட அந்தப் பக்கங்கள் உதவும்.

ஆய்வுக்குப் போகிறவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: தலைப்பை நம் மண்ணோடு சேர்த்து யோசியுங்கள். ஃபிராங்க் நாரிஸின் ‘தி ஆக்டபஸ்’ (1901) ரயில்வே நிறுவனத்துக்கும் கலிபோர்னியாவின் கோதுமை விவசாயிகளுக்கும் நடந்த மோதலைச் சொல்கிறது. நமக்கோ பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிறது. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போராடிய தொழிலாளர்கள் ஐவர் இறந்தார்கள். அந்தப் போராட்டம் பற்றிய தமிழ் எழுத்துகளைத் தேடித் தொகுத்து நாரிஸோடு வைத்துப் பார்ப்பது அருமையான வேலை. வட்டார வாழ்க்கையில் ஆர்வமென்றால் சாரா ஓர்ன் ஜூவெட்டின் மெய்ன் கடற்கரைக் கதைகளோடு சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ தொகுப்பைப் படிக்கலாம். இயல்புவாதத்துக்கு ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) போதும். இரண்டு மொழியிலும் மூலத்தைப் படிக்க முடிகிற வசதி நம் மாணவர்களுக்கு உண்டு. அதை வீணாக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று குழம்ப வேண்டாம். ஸ்டீபன் கிரேனின் ‘மேகி’ (1893) சின்ன நாவல்தான். இந்த வாரமே அதை எடுத்துப் படியுங்கள்.