குடியிலிருந்து குடிமகன்: இத்தாலியச் சிறார் இலக்கியமும் அழ. வள்ளியப்பாவும்

முன்னுரை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் உருவைத் தாங்கியது. அக்காசு புழங்கிய மண்ணில், இராயவரத்தில், 1922இல் அழ. வள்ளியப்பா பிறந்தார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. மன்னரின் குடிகள் நாட்டின் குடிமக்களாயினர். இத்தகைய மாற்றத்தில் சிறார் இலக்கியத்தின் பங்கை இத்தாலியச் சான்றுகளுடன் ஒப்பிட்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

நாட்டை இணைத்த நூல்

பல அரசுகள் இணைந்து 1861இல் இத்தாலி ஒரு நாடாயிற்று. 1886இல் வெளிவந்த எட்மொண்டோ டி அமிச்சிஸின் ‘குவோரே’ (இதயம்), தூரின் நகரப் பள்ளி மாணவனின் நாட்குறிப்பாக அமைந்தது. அதன் மாதாந்திரக் கதைகளின் தலைவர்கள் பதுவா, லொம்பார்டி, சார்டினியா முதலிய பகுதிகளின் சிறுவர்கள். தொலைநிலச் சிறுவனைத் தன்னவனாகக் கருதப் படிக்கும் குழந்தை பழகுகிறது. கொல்லர் மகனும் செல்வர் மகனும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆயினும் ஏற்றத்தாழ்வு அன்பினால் தணிக்கப்படுகிறதேயன்றி, அதன் காரணம் வினவப்படுவதில்லை.

செவிவழிச் சென்ற பாடல்

வள்ளியப்பாவின் ‘நம் நதிகள்’, ‘பாட்டிலே காந்தி கதை’ ஆகியவையும் நாட்டுணர்வை ஊட்டுவனவே. எனினும் வழி வேறு. ‘குவோரே’ வகுப்பறையை முன்னிறுத்துகிறது. ‘மலரும் உள்ளம்’ (1944) போன்ற பாடல் தொகுப்புகளோ ஓசையை முன்னிறுத்துகின்றன. எழுத்தறியாக் குழந்தையும் கேட்டுப் பாட இயலும் என்பதே இவ்வடிவத்தின் சமூக வலிமை.

கேட்டவர் எழுதுதல்

இவ்விரு மரபுகளிலும் பெரியவரே பேசுகிறார், குழந்தை கேட்கிறது. 1967இல் பார்பியானா என்னும் மலைச்சிற்றூரின் எட்டு மாணவர்கள், பாதிரியார் லொரென்சோ மிலானியின் வழிகாட்டலில் ஆசிரியை ஒருவருக்கு எழுதிய கடிதம் இந்நிலையை மாற்றியது. ஏழைப் பிள்ளைகளே மிகுதியாகத் தேர்ச்சியிழப்பதைப் புள்ளிவிவரங்களுடன் அவர்கள் எடுத்துக்காட்டினர். ‘குவோரே’ எழுப்பாத வினாவை வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டோர் எழுப்பினர்.

புதுக்கோட்டையில் இதற்கு அணுக்கமான நிகழ்வு 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம். பாடல்வழித் திரட்டப்பட்ட கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தும் மிதிவண்டியும் கற்றனர். இது முதியோர் கல்வியேயாயினும், பாடலைக் கேட்டவர் எழுத்தைக் கைக்கொள்ளும் அடுத்த படியைக் காட்டுகிறது.

முடிவுரை

சிறார் இலக்கியத்தின் சமூகப் பயனை அதன் அறக்கருத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அது யாரைச் சென்றடைகிறது, யாரைப் பேச வைக்கிறது என்பனவும் அளவுகோல்களாதல் வேண்டும். முதலாவதில் வள்ளியப்பாவின் பாடல்கள் ‘குவோரே’யை விஞ்சுகின்றன, இரண்டாவதில் பார்பியானா இரண்டையும் விஞ்சுகிறது. தமிழில் குழந்தைகளே படைத்த எழுத்துகளைத் தொகுத்து ஆராய்தல் இவ்வகையில் இன்றியமையாதது.