பழைய பொருட்களால் வீட்டை அலங்கரிக்க: சில குறிப்புகள்

பித்தளை அண்டா, வால்வு ரேடியோ, ஊறுகாய் ஜாடி, ரவிவர்மா படம் என்று தேடித் தேடி வாங்கி வீட்டை அழகுபடுத்துகிறவர்கள் இப்போது நிறைய. வாங்குவது சுலபம். வாங்கிய பொருள் கெடாமல் இருக்கவும், வீடு அடைசலாகத் தெரியாமல் இருக்கவும்தான் யோசனை வேண்டும். பொருள் எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டு, அதற்கு வீட்டில் ஒரு வேலையும் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

1. பழம்பொருள் கடைகளைத் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வண்டி ஏறுவதற்கு முன் வீட்டுப் பரணையும் ஊரிலிருக்கும் பெரியம்மா வீட்டுப் பரணையும் பாருங்கள். அஞ்சறைப்பெட்டி, மரப்பாச்சி, பல்லாங்குழி, அரிக்கேன் விளக்கு எல்லாம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அதை யார் வைத்திருந்தார்கள், எந்த ஊரில் வாங்கியது என்று சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு, சின்னச் சீட்டில் பென்சிலால் எழுதி, நூலில் கோத்துப் பொருளிலேயே கட்டிவிடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் அதன் பசை மரத்திலும் காகிதத்திலும் மஞ்சள் கறையாக இறங்கிவிடும்.

2. பல ஊர்ப் பொருள்களை ஒரே கூடத்தில் சேர்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளச் செட்டிநாட்டு வீடுகளைப் போய்ப் பார்க்க வேண்டும். பர்மா தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் நிலைக்கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் தூக்கு என்று கப்பலில் வந்து இறங்கியதெல்லாம் அங்கே ஒன்றாக இருக்கின்றன. ஆனாலும் கண் குழம்புவதில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகிட்ட வெள்ளைச் சுவர், கரிய மரம், நடுவில் திறந்த முற்றம் என்று பின்னணி அமைதியாக இருப்பதே காரணம். நம் வீட்டிலும் பொருள் எவ்வளவு விசித்திரமோ சுவர் அவ்வளவு சாதாரணமாக இருக்கட்டும். ஒரு சுவரை நிரப்பினால் எதிர்ச்சுவரைக் காலியாக விடுங்கள்.

3. சும்மா நிற்கும் பொருளில் தூசிதான் சேரும். பீங்கான் ஜாடியில் கரண்டிகளை நிறுத்தலாம். அஞ்சறைப்பெட்டியில் ஊசி, நூல், பட்டன் போடலாம். பல்லாங்குழியைச் சோழியோடு டீப்பாயில் வைத்தால் வருகிற குழந்தைகள் ஆடுவார்கள். அண்டாவில் செடி வைப்பதானால் நேரடியாக மண் கொட்டாமல், ஓட்டையுள்ள தொட்டியில் நட்டு அதை உள்ளே இறக்குங்கள். தேங்கும் நீர் வேரையும் அழுகவைக்கும், பித்தளையையும் கெடுக்கும்.

4. பழைய மரச்சாமானை வந்த அன்றே கூடத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அடியில் வெள்ளைத்தாள் விரித்து ஒரு வாரம் தனியாக வையுங்கள். தாளில் மாவுபோல் புதுத்தூள் விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மரப்பூச்சி மருந்தை ஊசியில் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் ஏற்ற வேண்டும். தூள் நின்ற பிறகுதான் மற்ற சாமானோடு சேர்க்கலாம். பழைய பெயின்ட் உரிகிற கதவு, ஜன்னலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. அந்தக் காலப் பெயின்டில் காரீயம் கலந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து.

5. பித்தளைக்குப் புளியும் உப்பும் போதும். ஊறப்போடாமல் தேய்த்தவுடன் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். புளி தங்கினால் மறுபடி களிம்பு ஏறும். பழைய விளக்கில் படிந்திருக்கும் கருமை எனக்குப் பிடிக்கும், அதை முழுக்க எடுத்துவிடாதீர்கள் என்றே சொல்வேன். பித்தளைப் பாத்திரத்தில் சமைப்பதானால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். அதே வெள்ளீயத்தால் ஆன, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; ரசத்தை ஊற்றாமல் வெறுமனே அடுப்பில் ஏற்றினால் சொம்பு மிஞ்சாது.

6. விளிம்பு பெயர்ந்த எனாமல் தட்டு சுவருக்கு அழகு. அதில் சாப்பிட வேண்டாம்.

7. ரவிவர்மாவின் அச்சுக்கூடம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும்தான் நம் பூஜையறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். படம் பழையதா, பிற்கால நகலா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். முகத்தருகே வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒரே ஒழுங்கில் வரிசை பிடித்து நின்றால் அது ஆஃப்செட் அச்சு. பொடிப்பொடியாக, ஒழுங்கில்லாமல் தூவினாற்போல இருந்து, நிறத்தின் மேல் நிறம் படிந்திருந்தால் கல்லச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். சில படங்களில் அம்மன் புடவைக்குச் சரிகையும் சமிக்கியும் தைத்திருப்பார்கள். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்யாதீர்கள். படத்தை வைத்திருந்த வீட்டுப் பெண்களின் கைவேலையாகவும் இருக்கலாம், படத்தின் மதிப்பே அதில்தான். பின்னட்டையை மட்டும் அமிலமில்லாத அட்டையாக மாற்றி, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

8. தஞ்சாவூர் ஓவியத்தைக் குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டக் கூடாது. ஈரம் இறங்கினால் தங்கரேக்குக்கு அடியிலுள்ள மக்கு உப்பிப் பெயரும். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும்.

9. 78 சுற்று இசைத்தட்டுகளில் அரக்கு கலந்திருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். லேசாக நனைத்த மெல்லிய துணியே போதும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கிராமபோன் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமுமாக விற்பனைக்கு வருகிற பல பெட்டிகள் அண்மையில் கோத்தவை. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

10. வால்வு ரேடியோ, பழைய மேஜை விளக்கு எதையும் வாங்கிய கையோடு பிளக்கில் செருகாதீர்கள். வயரின் ரப்பர் உறை பொடிந்திருக்கும். ரேடியோவில் கெப்பாசிட்டர்களையும் மாற்றியாக வேண்டும். வெளித்தோற்றத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் புதுப்பித்துத் தரத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

11. வீடு முழுக்க ஆத்தங்குடி கல் பதிக்க வசதியில்லாவிட்டால், வாசலருகிலோ பூஜையறையிலோ ஒரு சிறு கட்டம் மட்டும் பதிக்கலாம். சிமென்டும் மணலும் வண்ணமும் கலந்து கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பது அது, சூளையில் சுட்டதல்ல. அதனால் ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள். நடக்க நடக்க மெருகு கூடும்.

12. கற்சிலை, பஞ்சலோக விக்ரகம், கோயில் மரச்சிற்பம் இவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எங்கிருந்து வந்தவை என்று தெரியாமல் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்தவை தொல்பொருள். பழைய சிலைகளைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. திருட்டுச் சிலை என்று தெரிந்தால் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வீட்டுக்கே வரும். எந்த ஊர், யாருடைய வீடு என்று கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால், பேரம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.