மாற்றியமைத்த மின்கிட்டார்களும் ஒலியியலும்

இசைக்கருவி ஒவ்வொன்றும் ஒரு பௌதிகக் கருவியுமாகும். வீணையாயினும் கிட்டாராயினும், தந்தியின் நீளம், பருமன், இழுவிசை, அதனைத் தாங்கும் குதிரையின் வடிவம், மெட்டுகளின் இடைவெளி ஆகியனவே அதன் ஒலியை அறுதியிடுகின்றன. இவ்வளவுகளைக் கருவி செய்வோர் முன்னரே நிலைப்படுத்திவிடுகின்றனர். வாசிப்போர் அவற்றை ஏற்றுக்கொண்டு தம் கலையை வளர்க்கின்றனர். ஆயினும், அளவுகளையே மாற்றினால் என்ன விளையும் என்று வினவிய இசைவாணர்களும் உளர். 1960-களிலிருந்து இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் மின்கிட்டாரை மாற்றியமைத்துப் புதுவகை இசை படைத்தோர் இத்தகையோரே.

அவர்கள் எழுப்பிய ஒலிகள் பழகாத செவிக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றக்கூடும். ஆனால் அவர்களுடைய முயற்சிகள், பள்ளியில் ஒலியியல் கற்பிப்போருக்கு மிக்க பயன் தருவன. புதிய ஓசையொன்று தற்செயலாகப் பிறக்கலாம். வேண்டியபோது அதனை மீண்டும் எழுப்ப இயன்றால்தான் அது இசைக்கும் விஞ்ஞானத்திற்கும் பயன்படும். அதற்கு அளவு வேண்டும்; அளவைக் குறித்து வைக்கும் பழக்கமும் வேண்டும். இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மின்கிட்டார் இயங்கும் முறை

சாதாரணக் கிட்டாரில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மரப்பலகைக்குச் செல்கிறது. உட்கூடான பலகைப் பெட்டி காற்றை அசைத்து ஒலியைப் பரப்புகிறது. மின்கிட்டாரின் அமைப்பு வேறு. அதன் தந்திகள் எஃகினால் ஆனவை. தந்திகளின் கீழே, மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்ட காந்தம் ஒன்று உள்ளது. தொழிலாளர் இதனைப் பிக்கப் என்பர். காந்தத்தின் அருகில் எஃகுத் தந்தி அசையும்போது கம்பிச் சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. இவ்வழுத்தம் பெருக்கியால் வலுப்படுத்தப்பட்டு ஒலிபெருக்கியை இயக்குகிறது. அமெரிக்கரான ஜார்ஜ் போஷாம்ப் இத்தகைய கருவியை 1931-ஆம் ஆண்டளவில் உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்றார். அது மடிமீது கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகையைச் சேர்ந்தது.

இவ்வமைப்பினால் ஒரு முக்கிய விளைவு ஏற்பட்டது. ஒலியைப் பரப்பும் வேலை பலகைப் பெட்டியிடம் இல்லை. எனவே கருவியின் உடலை வெட்டலாம், துளையிடலாம், புதிய பகுதிகளைப் பொருத்தலாம். தந்தியும் காந்தமும் இருக்கும்வரை கருவி ஒலிக்கும். வயலினின் உடலை இவ்வாறு அறுத்தால் அது பாழாகிவிடும். மாற்றியமைப்போர் பலரும் மின்கிட்டாரையே நாடியதற்கு இதுவே தலையாய காரணம்.

மேசைமேல் வைத்த கிட்டார்

1965-இல் லண்டனில் தோன்றிய ஏ.எம்.எம். என்னும் குழுவின் நிறுவனர்களில் ஒருவர் கீத் ரோ. ஓவியக்கலை பயின்றவர் இவர். ஜாக்சன் பொல்லாக் என்னும் அமெரிக்க ஓவியர் திரைச்சீலையைத் தரையில் விரித்து வண்ணம் தெளித்த முறையைக் கண்டு, ரோ தம் கிட்டாரை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். கருவி கிடைநிலையில் இருந்தமையால் தந்திகளின்மீது பொருள்களை வைக்க முடிந்தது. அரம், கத்தி, சுருள்வில், சிறு மின்விசிறி ஆகியவற்றை அவர் பயன்படுத்தினார். வானொலிப் பெட்டியும் அவருடைய கருவிகளுள் ஒன்றாயிற்று. காந்தச் சுருளுக்குத் தந்தியின் அசைவும் சுருள்வில்லின் அசைவும் ஒன்றே; காந்தப்பாயத்தை மாற்றும் எதுவும் ஒலியாகும் என்பதை இவருடைய வாசிப்பு புலப்படுத்துகிறது.

ஃபிரெட் ஃபிரித் என்னும் ஆங்கிலேயர் 1974-இல் கிட்டார் தனிவாசிப்பு இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். அவர் செய்த மாற்றம் எளியது; ஆயினும் நுட்பம் வாய்ந்தது. பிருடைகளுக்கு அருகில், தந்தி தொடங்கும் முனையின் மேலாக, இன்னொரு பிக்கப்பை அவர் பொருத்தினார். விரலால் தந்தியை அழுத்தும்போது அது இரு பகுதிகளாகப் பிரிகிறது. குதிரைப் பக்கத்துப் பகுதியே வழக்கமாகக் கேட்கும். மற்றப் பகுதியின் மெல்லிய ஒலி எவருக்கும் கேட்பதில்லை. ஃபிரித்தின் அமைப்பில் இரண்டும் கேட்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள தந்தி விநாடிக்கு 110 முறை அதிர்வதாகக் கொள்க. ஏழாம் மெட்டில் அழுத்தினால் குதிரைப் பக்கத்து நீளம் ஏறத்தாழ 432 மில்லிமீட்டர். அதன் அதிர்வெண் 165. மறுபக்கத்து நீளம் ஏறத்தாழ 216 மில்லிமீட்டர். அதன் அதிர்வெண் 330. விரலைக் குதிரையை நோக்கி நகர்த்தினால் ஒரு சுரம் மேலேறும்; மற்றது கீழிறங்கும். ஒரே தந்தி எதிரெதிர்த் திசையில் இரு சுரங்களைத் தருகிறது. அதிர்வெண் தந்தியின் நீளத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும் என்ற விதிக்கு இதனினும் சிறந்த விளக்கம் கிடைப்பதரிது.

ஃபிரித் தந்திகளில் முதலைவாய்க் கவ்விகளையும் மாட்டினார். சீரான தந்தியின் கிளைச்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்குகளாக அமைவன. கவ்வியின் நிறை ஓரிடத்தில் கூடும்போது இம்முழுமடங்கு ஒழுங்கு சிதைகிறது. அதனால் ஒலி மணியோசையை ஒத்ததாகிறது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரைச் சேர்ந்த ஹான்ஸ் ரைக்கல் (1949–2011) இன்னும் ஒருபடி மேலே சென்றார். குதிரைக்கு அப்பாலும் மீட்டத்தக்க கிட்டார்களைத் தாமே வடிவமைத்துச் செய்துகொண்டார்.

மூன்றாம் குதிரை

தந்திக்கு இரு முனைகளிலும் தாங்கிகள் உண்டு. இவற்றிற்கு இடையே, தந்தியின் அடியில், உலோகத் தண்டு ஒன்றைச் செருகினால் அது மூன்றாவது தாங்கியாகிறது. 1981-இல் நியூயார்க்கில் தோன்றிய சோனிக் யூத் என்னும் குழுவினர் தொடக்கத்தில் விலை மலிந்த கிட்டார்களையே வைத்திருந்தனர். அவற்றின் தந்திகளுக்கடியில் திருப்புளியையும் முரசுக்கோலையும் செருகி வாசித்தனர்.

இம்முறையில் பிக்கப்பிற்கு அப்பாலுள்ள பகுதி மீட்டப்படுகிறது. பிக்கப்பின் மேலுள்ள பகுதி ஒத்ததிர்வினால் ஒலிக்கிறது. எல்லா இடங்களிலும் இது சம அளவில் நிகழ்வதில்லை. தண்டைத் தந்தியின் மூன்றிலொரு பாகத்தில் வைத்தால், 110 அதிர்வுள்ள தந்தியின் பகுதிகள் 330, 165 என அமையும்; விகிதம் 2:1. நான்கிலொரு பாகத்தில் வைத்தால் விகிதம் 3:1. ஐந்தில் இரு பாகத்தில் வைத்தால் 275-உம் ஏறத்தாழ 183-உம் கிடைக்கும், விகிதம் 3:2. இவ்விடங்களில் இரு பகுதிகளுக்கும் பொதுவான கிளைச்சுரங்கள் உள்ளன. ஆகவே ஒரு பகுதியின் ஆற்றல் மற்றதனை எளிதில் சென்றடைந்து, ஒலி தெளிவாக நெடுநேரம் நிற்கிறது. தண்டைச் சற்று நகர்த்தினால் பொதுச் சுரங்கள் மறையும். ஒலி மங்கும் அல்லது கரகரக்கும். தண்டு தந்தியைச் சிறிது உயர்த்துவதால் இழுவிசையும் சற்றே கூடும்; எனவே செயலில் காணும் எண்கள் இக்கணக்கினின்று சிறிது மிகுந்திருக்கும்.

நெதர்லாந்து நாட்டினரான யூரி லாண்ட்மன் இவ்விடங்களை முறையாகக் கணக்கிட்டுக் கருவி செய்தவர். 2006-இல் அவர் செய்த மூட்ஸ்விங்கர் என்னும் கருவி 12 தந்திகளும் மூன்றாம் குதிரையும் கொண்டது. தண்டை வைக்கவேண்டிய கணுக்களின் இடங்கள் அக்கருவியிலேயே குறிக்கப்பட்டுள்ளன. முன்னோர் செவியால் தேடிக் கண்ட இடங்கள் இவ்வாறு அளவுகோலில் ஏறின. 2007-இல் சோனிக் யூத் குழுவின் லீ ரனால்டோவுக்காக அவர் செய்த மூன்லாண்டர் 18 தந்திகள் உடையது. அவற்றுள் 6 மீட்டுவதற்குரியவை; 12 ஒத்ததிர்வுக்கு உரியவை. சிதாரிலும் சாரங்கியிலும் காணப்படும் தரப் தந்திகளின் தத்துவமே இங்கும் செயற்படுகிறது.

குறித்து வைக்கப்படாத அளவு

சோனிக் யூத் குழுவினரின் கிட்டார்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியமைப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. பாட்டுக்குப் பாட்டு கருவி மாறும். 1999 ஜூலையில், கலிபோர்னியா மாநிலத்து ஆரஞ்சு நகரில், இசைப்பயணத்தின் இடையே அவர்களுடைய கருவிகளும் பெருக்கிகளும் ஓரிரவில் களவு போயின. வேறு குழுவினராயின் மறுநாளே கடையில் கிட்டார் வாங்கி வாசித்திருப்பர். இவர்களுக்கு அவ்வழி இல்லை. பல்லாண்டுக் காலமாகச் சிறிது சிறிதாக மாற்றப்பட்ட கருவிகள் கடையில் கிடைப்பனவல்ல. அவற்றில் பிறந்த பாட்டுகள் பிற கருவிகளில் அவ்வாறே ஒலிப்பனவுமல்ல. குழுவினர் ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று. களவுபோனவற்றுள் சில, பல்லாண்டுகளுக்குப் பின்னரே மீண்டன.

ஆய்வுக்கூடத்திற்கும் இது பொருந்தும். ஒரு சோதனையின் முடிவு அக்கருவி ஒன்றில் மட்டுமே தங்கியிருக்குமாயின், கருவி அழியும்போது முடிவும் அழியும். தந்தியின் பருமன், இழுவிசை, தாங்கியின் இடம் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைத்திருந்தால் இன்னொருவர் அதனை மீண்டும் செய்து பார்க்கலாம்.

இந்திய நாட்டுச் சான்றுகள்

குதிரையும் மெட்டும் ஒலியின் தன்மையை மாற்றும் என்பது இந்தியக் கருவியாளர் நெடுங்காலமாக அறிந்ததே. சிதாரின் மெட்டுகள் நகர்த்தத்தக்கவை. தம்பூராவின் குதிரை தட்டையாக அகன்று, மெல்ல வளைந்தது. தந்திக்கும் அதற்கும் இடையே நூல் ஒன்று செருகப்படுகிறது. ஒரு கிளைச்சுரத்தின் கணுவில் மீட்டினால் அச்சுரம் எழாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவ்வாறு மறையவேண்டிய சுரங்களும் வலுவாக ஒலிப்பதை 1921-இல் சி. வி. இராமன் எடுத்துக்காட்டினார். இக்குதிரைகளின் வளைந்த பரப்பே அதற்குக் காரணம் என்றும் அவர் விளக்கினார்.

மின்கருவியை மாற்றியமைத்த இந்தியருள் குறிப்பிடத்தக்கவர் ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக அமைவன; அவற்றை ஒருங்கே இழுத்துக் கமகம் காட்டுவது கடினம். அவர் ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின்மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். புதுமைக்காக அன்றி, இசையின் தேவைக்காகச் செய்த மாற்றம் இது.

வகுப்பில் செய்து காட்ட

சுரமானியில் எஃகுக் கம்பியை மிதமாக இழுத்துக் கட்டி, இரு தாங்கிகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர் நீளம் அமையுமாறு செய்க. சுரமானி இல்லாத ஊர்களில் நீண்ட பலகை, இரண்டு ஆணிகள், மரத்துண்டுகள் ஆகியவை போதும்.

1. ஒரு முனையிலிருந்து 20 சென்டிமீட்டரில் மூன்றாவது தாங்கியை வைக்கவும். 40 சென்டிமீட்டர்ப் பகுதியின் நடுவிலும், அதன் இரு கால்பங்கு இடங்களிலும் சிறு காகிதத் துண்டுகளை மடித்து ஏற்றவும். 20 சென்டிமீட்டர்ப் பகுதியை மீட்டினால் கால்பங்கு இடங்களிலுள்ள துண்டுகள் துள்ளி விழும், நடுவிலுள்ளது நிற்கும். நடுவிடம் கணு என்பது இதனால் விளங்கும்.

2. தாங்கியை 22 சென்டிமீட்டருக்கு நகர்த்தி மீண்டும் மீட்டவும். காகிதங்களின் அசைவு பெரிதும் குறைவதைக் காணலாம்.

3. தாங்கியை 24 சென்டிமீட்டரில் வைக்கவும். சிறு பகுதியை நட்டநடுவில் மீட்டினால் ஒத்ததிர்வு எழாது; நான்கிலொரு பாகத்தில் மீட்டினால் எழும். காரணத்தை மாணவரே கூறுமாறு செய்க.

4. சட்டக்காந்தம் ஒன்றில் எனாமல் பூசிய மெல்லிய செப்புக்கம்பியைப் பலநூறு சுற்றுகள் சுற்றி, அதன் முனைகளை மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கியுடன் இணைக்கவும். காந்தத்தின் முனையைக் கம்பியைத் தொடாதவாறு அதன் அருகே பிடித்தால் ஒலிபெருக்கியில் சுரம் கேட்கும். எஃகிற்குப் பதிலாகப் பித்தளைக் கம்பியைக் கட்டினால் அவ்வாறு கேட்பதில்லை.

அளவுக்கு மீறி இழுத்த கம்பி அறுந்து கண்ணைத் தாக்கக்கூடும். ஆகவே மாணவர் முகத்தை அருகில் கொண்டுவரலாகாது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெருக்கிகளை வகுப்பில் திறக்கவும் கூடாது. ஒவ்வொரு முறையும் தாங்கியின் இடம், மீட்டிய இடம், கேட்ட ஒலியின் தன்மை ஆகிய மூன்றையும் மாணவர் குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஒருவர் எழுதிய குறிப்பைக் கொண்டு மற்றொருவர் அதே ஒலியை எழுப்ப முயலட்டும். ஒலி வேறுபடுமாயின், எந்த அளவு எழுதாமல் விடுபட்டது என்று இருவரும் சேர்ந்து தேடவேண்டும்.

வினாக்கள்

1. மின்கிட்டாரின் உடலை வெட்டினாலும் அது ஒலிப்பதேன்? வயலின் அவ்வாறு ஒலியாதது ஏன்?
2. 60 சென்டிமீட்டர்க் கம்பியில் 15 சென்டிமீட்டரில் தாங்கி வைத்தால், 45 சென்டிமீட்டர்ப் பகுதியில் கணுக்கள் எங்கெங்கே அமையும்?
3. தந்தியில் கவ்வி மாட்டினால் ஒலி மணியோசை போலாவதற்குக் காரணம் யாது?
4. பிக்கப்பைக் குதிரையிலிருந்து தந்தி நீளத்தின் நான்கிலொரு பாகத்தில் பொருத்தினால், எந்தக் கிளைச்சுரங்கள் கேளாமற் போகும்?